சாய்ந்த எழுத்து, நிமிர்ந்த எழுத்து

டார்ட்டு நகரத்து அச்சகத்தில்
பதினோரு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறேன்.
இயற்பியல் எனக்குத் தெரியாது.
எழுத்து சாய்ந்திருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா,
அது தெரியும்.

சாய்ந்த m என்றால் நிறை.
நிமிர்ந்த m என்றால் மீட்டர்.
சாய்ந்தது எதுவாகவும் ஆகலாம்:
ஒரு ஆப்பிள், ஒரு டிராக்டர், நிலா.
மதிப்பு கொடுக்கும்வரை
தலையைச் சாய்த்தபடி காத்திருக்கும்.
நிமிர்ந்ததோடு பேரம் நடக்காது.
உலகமே கூடி ஒருமுறை ஒப்புக்கொண்டது அது.
நேற்றும் அவ்வளவுதான், நாளையும் அவ்வளவுதான்.

ஒன்பதாம் வகுப்புப் புத்தகம்,
பக்கம் அறுபத்து மூன்று, கணக்கு 114.
சாய்ந்த s கடந்த தூரம். நிமிர்ந்த s வினாடி.
அன்றைக்குச் சாய்வெழுத்துப் பெட்டியில் s தீர்ந்துபோனது.
எண்டெல் நிமிர்ந்ததை எடுத்துக் கோத்துவிட்டான்.
எனக்கு அன்று பல்வலி.
பன்னிரண்டாயிரம் பிரதிகள்.

ஹீயுமா தீவிலிருந்து ஒரு கடிதம் வந்தது,
கட்டம் போட்ட தாளில்:

‘ஐந்து வினாடியில் வினாடி எவ்வளவு என்று
உங்கள் புத்தகம் கேட்கிறது. யோசித்துப் பார்த்தேன்.
எங்கள் ஊரில் அக்கரைக்கு எவ்வளவு தூரம் என்றால்
படகில் ஒன்றரை மணி என்பார்கள்.
கடல் உறைந்துவிட்டால் அதே தூரம் முக்கால் மணி.
ஆகவே கடல் எப்படி இருக்கிறது என்று தெரியாமல்
விடை சொல்ல முடியாது. சரியா?
இப்படிக்கு, மைவே.’

ஆசிரியர் குழுவில் வாய்விட்டுச் சிரித்தார்கள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
திருத்திய பிரதிகள் இரண்டு பெட்டி,
எல்லைக் காவல் அனுமதிக்கு மூன்று வாரம்,
பிப்ரவரியில் கிளம்பினேன்.

கரை முடிந்து கடல் தொடங்கும் இடத்தில்
ஒரு பலகை: 2 t.
தொழில் புத்தி, முதலில் சாய்வைத்தான் பார்த்தேன்.
சாய்ந்திருந்தால் நேரம்.
நிமிர்ந்திருந்தது. டன்.
அடியில் ரஷ்ய எழுத்திலும் அதுவே.
அந்த எழுத்து சாய்ந்தால் m போல ஆகிவிடும்.
நல்லவேளை, அதுவும் விறைத்தே நின்றது.

வண்டியோட்டி வம்போலா என் எடையைக் கேட்டான்.
ஒரு பெண்ணிடம் கேட்கிற கேள்வியா?
இரண்டு குறைத்துச் சொன்னேன்.
என்னை மேலும் கீழும் பார்த்தவன் மூன்று கூட்டிக்கொண்டான்.
பால் கேன்கள், தபால் மூட்டை, ஒரு தையல் இயந்திரம்,
எல்லாம் கூட்டி முடித்து
பெட்டிகளில் ஒன்றை இறக்கிக் கரையில் வைத்தான்.
‘வெறும் புத்தகம்தானே’ என்றேன்.
‘பனிக்கட்டி படிக்காது’ என்றான்.

பதினோரு வருடத்தில்
ஒரு அலகின்மேல் நான் உட்கார்ந்தது அன்றுதான்.
எனக்கும் கடலுக்கும் நடுவே
முப்பது சென்டிமீட்டர்.
கதவைச் சாத்தாதீர்கள் என்று சொல்லியிருந்தான்.
காற்று முழங்காலைக் கடித்தது.
எங்கோ அடியில் துணி கிழிகிற சத்தம் நீளமாக ஓடி,
நின்றது.

‘முன்னால் போகிற லாரி அந்தக் கம்பத்தைத் தாண்டிவிட்டது.
நாம் தாண்டும்வரை எண்ணுங்கள்.
முப்பதுக்குக் குறைந்தால் சொல்லுங்கள்’ என்றான்.
எண்ணினேன்.
இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று.
தூரம்தான் அது. வினாடியில் இருந்தது.
மைவே, உன் விடை சரி.

பள்ளியில் மைவே இல்லை.
பல் பிடுங்க ஹாப்சலு போயிருந்தாளாம்.
வழியில் எதிரே வந்த வண்டிகளில்
ஏதோ ஒன்றில் கன்னத்தைப் பிடித்தபடி
என்னைக் கடந்து போயிருப்பாள்.

அவள் மேசையிலிருந்து பழைய புத்தகத்தை
ஆசிரியை எடுத்துக் கொடுத்தார்.
அறுபத்து மூன்றைப் புரட்டினேன்.
என் தவறு அப்படியே நிமிர்ந்து நின்றது.
அதன் இடப்பக்கம், பென்சிலால்,
சின்னதாக ஒரு அம்பு.
அம்பின் வாலில் எழுதியிருந்தாள்:
காற்று.